அழகிய ஃபியோர்டும் அசையும் மலையும்



நாள்காட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. இரு பக்கமும் வானைத் தொடும் செங்குத்து மலைகள். நடுவே கண்ணாடி போல அசையாத நீலக் கடல். அதில் பொம்மை போல மிதக்கும் பெரிய கப்பல். நோர்வே நாட்டின் ஃபியோர்டுகள்தான் அவை. அவற்றுள் கெய்ராங்கர், நேரோய் என்ற இரண்டும் 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

கடல் நிலத்துக்குள் புகுந்த இடமெல்லாம் ஃபியோர்டு ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகம், ஆறு செதுக்கிய பள்ளத்தாக்கில் கடல் ஏறியதால் உண்டானது. ஃபியோர்டைச் செதுக்கியதோ பனிக்கட்டி! பனியுகங்களில் மலைகளின் மேல் கிடந்த பனியாறுகள் மெல்ல மெல்ல நகர்ந்து பாறையைக் குடைந்தன. பிறகு பனி உருகி விலக, அந்த ஆழத்தைக் கடல் நிரப்பிக்கொண்டது. நோர்வேயின் மிக நீளமான சோங்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே செல்கிறது. அதன் ஆழம் சுமார் 1,300 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அப்படி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் உச்சி வெளியே தெரியாது! ஆனால் கடலோடு சேரும் வாயிலருகே பனியாறு மெலிந்து போனதால் அங்கே மட்டும் ஆழம் குறைவு.

இந்த அழகுக்கு ஒரு விலையும் உண்டு. பனியாறு செதுக்கிய சுவர்கள் மிகவும் செங்குத்தானவை. அவற்றைத் தாங்கி நின்ற பனி போய்விட்டது. பாறை விரிசல்களில் மழைநீர் இறங்குகிறது, உறைகிறது, உருகுகிறது. ஒருநாள் மலையின் ஒரு துண்டு அப்படியே சரிந்து நீரில் விழுகிறது. குறுகிய இடத்தில் எழும் அலைக்கு விலகிச் செல்ல வழியில்லை. கரையில் இருக்கும் கிராமத்தின் மீதுதான் அது ஏறுகிறது.

1934 ஏப்ரல் 7-ஆம் தேதி, ஊர் உறங்கிய வேளையில் தாஃபியோர்டில் அதுதான் நடந்தது. பாறை விழுந்த இடத்தருகே அலை 60 மீட்டருக்கும் மேல் எழுந்தது. 40 பேர் மாண்டனர்.

அதைவிட நெஞ்சை உறுத்துவது லோவாட்னெட் ஏரியின் கதை. இதுவும் பனியாறு குடைந்த பள்ளத்தாக்குதான். 1905-ல் மலை சரிந்து 61 பேர் இறந்தனர். மிஞ்சியவர்கள் அதே கரையில் வாழ்க்கையைத் தொடர்ந்தனர். 31 ஆண்டுகள் கழித்து, 1936-ல் அதே மலை மீண்டும் சரிந்தது. 70-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். பிறந்த மண்ணை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலை எப்போது அசையும் என்று சொல்ல அன்று எந்தக் கருவியும் இல்லை.

இன்று இருக்கிறது. கெய்ராங்கருக்கு அருகே ஓக்னெஸ் என்ற மலைச்சரிவில் நீண்ட விரிசல் ஒன்று ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் விரிந்துகொண்டே போகிறது. லேசர், ராடார், ஜிபிஎஸ் என்று பல கருவிகள் அந்த மலையை இரவும் பகலும் கண்காணிக்கின்றன. பெரும்பாறை சரிவதற்கு முன் அசைவு வேகம் பிடிக்கும் என்பதே இதற்கு அடிப்படை. அந்த வேகம் தெரிந்தவுடன் கீழே உள்ள ஊர்களைக் காலி செய்ய வேண்டும். அலை எழுந்த பிறகு அங்குள்ளவர்களுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். 2015-ல் வெளிவந்த நோர்வே திரைப்படம் ஒன்று இந்த அச்சத்தைத்தான் படம் பிடித்தது.

ஆபத்து நோர்வேயோடு நிற்கவில்லை. 2023 செப்டம்பரில் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில் மலை ஒன்று சரிந்தது. அடிவாரத்துப் பனியாறு மெலிந்து மலை தாங்கல் இழந்ததே காரணம். சுமார் 200 மீட்டர் உயர அலை எழுந்தது. பிறகு நீர் இங்குமங்கும் ஊசலாடியதில் பூமியே 9 நாட்கள் அதிர்ந்தது. உலகெங்கும் உள்ள நிலநடுக்கக் கருவிகள் அதைப் பதிவு செய்தன. அங்கே ஊர் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 2017-ல் அதே கிரீன்லாந்தின் இன்னொரு ஃபியோர்டில் எழுந்த அலை 4 உயிர்களைப் பறித்தது.

2004 டிசம்பர் 26-ஐக் கண்ட பினாங்கு, கெடா கரையோர மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை முறையே இருக்கவில்லை. பிறகுதான் கரைகளில் அபாயச் சங்குகள் வந்தன.

மலையைத் தடுத்து நிறுத்த மனிதனால் முடியாது. ஆனால் அதன் அசைவை அளக்க முடியும். சங்கு ஒலித்தால் மேட்டுக்கு ஓட முடியும். மறதிதான் ஆபத்து. 1905-ஐ மறந்தால் 1936 வந்து நிற்கும். அடுத்த முறை நாள்காட்டியில் அந்த நீலக் கடலைப் பார்க்கும்போது, மேலே இருக்கும் மலையையும் ஒருமுறை பாருங்கள்.