பிறப்பு எழுதப்படாத கருவி

(கல்லூரி மாணவர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதையைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கிட்டாரைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். அதுவும் விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி. கவிதையைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்காங்க. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கிட்டாரைப் பற்றிப் பேச ஆளில்லை.

வங்கியில் கொடுக்கிற பண்டிகை முன்பணத்தில் வாங்கியது அது. பத்துத் தவணையாகச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஏற்கெனவே ஒரு மாணவர் வைத்திருந்த பழைய கிட்டார். தலைப்பக்கம் கம்பெனிப் பெயர்கூட அழிந்து போயிருந்தது. கூட வேலை பார்க்கிற ஒருத்தர் கேட்டார்: "உங்களுக்கு எதுக்கு சார் இது? உங்க ஆளுங்களுக்கு ரத்தத்திலேயே பறை இருக்கே!" பாராட்டுகிற மாதிரிதான் கேட்டார். கொஞ்ச நாள் கழித்து நம்ம தோழர் ஒருவர் கேட்டார்: "பறையை விட்டுட்டு மேல்நாட்டுக் கருவியைத் தூக்கிட்டு அலையறீங்களே, இதுதான் பண்பாட்டு அரசியலா?" தோழரின் அக்கறை வேறு, அவருடைய நோக்கம் வேறு. எனக்குத் தெரியும். ஆனாலும் என் கையில் எந்தக் கருவி இருக்கணும்ங்கிறதை என் பிறப்பை வைத்தே இரண்டு பேரும் முடிவு செய்கிறார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேசுறேன்.

முதலில் கருவியைப் பார்ப்போம். எலக்ட்ரிக் கிட்டாருக்குள் மாயம் ஒன்றும் கிடையாது. ஒரு காந்தம். அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. இதற்குப் பேர் பிக்கப். அதன் மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தது. நாம பள்ளிக்கூடத்தில் படிச்சதுதான். அந்த மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி ஒலியாக்குகிறது. ஓசையைப் பெருக்குகிற வேலையை மரப்பெட்டி செய்ய வேண்டியதில்லை. அதனால் உசத்தியான மரம் வேண்டாம், அதைப் பதமாகக் குடைகிற பரம்பரைக் கைவினைஞர் வேண்டாம். நேதன் டேனியல் என்பவர் 1947இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கிய டேன்எலெக்ட்ரோ கம்பெனி, 1950களில் மரநாரை அழுத்திச் செய்த அட்டையிலேயே கிட்டார் செய்தது. பிக்கப்பை உதட்டுச்சாயக் குழாய்க்குள் வைத்து மூடியது. அந்தக் கிட்டார்களை சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனம் 'சில்வர்டோன்' என்ற பெயரில் தபால் வழியாகவும் விற்றது.

தபால் வழியாக என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்கள் நடப்பிலிருந்த காலம். கடைக்குப் போகிற கறுப்பர், வெள்ளையர்கள் வாங்கி முடிக்கிறவரை ஒதுங்கி நிற்கணும். கடன் கணக்கு கடைக்காரன் கையில். எது வாங்கலாம், எது வாங்கக்கூடாதுன்னு அவனே சொல்வான். சியர்ஸின் விலைப்பட்டியல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அந்தக் கடைக்காரனைத் தாண்டிப் போக ஒரு வழியைக் கொடுத்தது. வியாபாரி லாபத்துக்குத்தான் செய்தான். ஆனால் கிட்டாரும் அந்த வழியாக வந்தது. தனிக்குவளை பார்த்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து மட்டி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ நகரத்துக்குப் போனார். பகலில் காகித ஆலை வேலை, லாரி ஓட்டுகிற வேலை. இரவில் மதுக்கடைகளில் வாசிப்பு. அங்கே இருந்த இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவில்லை. எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். அவருக்கு முன்பே அதே நகரத்தில் மெம்ஃபிஸ் மின்னி என்ற பெண் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதைக் கேட்டுவிட்டு 1943இல் பத்திரிகையில் எழுதினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஹவுண்ட் டாக் டெய்லர். அவரும் மிசிசிப்பிக்காரர், 1915இல் பிறந்தவர். சிகாகோவில் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர். அவர் கிட்டார் ஜப்பானில் செய்த மலிவு கிட்டார். ஆம்ப் அதே சில்வர்டோன், அதுவும் கிழிந்த ஸ்பீக்கரோடு. விரலில் ஒரு உலோகக் குழாயை மாட்டிக்கொண்டு தந்தி மேல் இழுப்பார். அந்தக் கிழிந்த ஸ்பீக்கரின் கரகரப்புதான் அவருடைய இசை. 1971இல் அவரைப் பதிவு செய்வதற்காகவே அலிகேட்டர் என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1975இல் இறந்துபோனார். விலையுயர்ந்த கருவிகளின் சுத்தமான ஓசையைத்தான் இசைன்னு சொல்கிறவர்களுக்கு அவருடைய தட்டு நல்ல பதில். நம்ம எழுத்தைப் பார்த்து "இது கொச்சை, இது இலக்கியமா?"ன்னு கேட்டவர்களை எனக்கு ஞாபகம் வரும்.

ஆனால் ஏழ்மையை அழகாக்கிப் பேச நான் வரவில்லை. மலிவுக் கிட்டார்னா என்னன்னு வாசிக்கிறவனுக்குத் தெரியும். ஃப்ரெட்டின் ஓரம் விரலைக் கீறும். தந்தி உயரமா நிற்கும், அழுத்தினா விரல் நுனி வீங்கும். புதுசா கத்துக்கிற பையன் தனக்கு இசை வரலைன்னு நினைச்சு விட்டுடுவான். குறை அவனிடம் இல்லை, கருவியைச் சரிபண்ணாமல் கொடுத்திருக்காங்க. ஃப்ரெட் ஓரத்தை அரத்தால் ராவலாம். ஒரு சின்ன ஆலன் சாவி இருந்தால் தந்தி உயரத்தைக் குறைக்கலாம். சென்னைக் காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும்; வாசித்து முடித்ததும் துணியால் துடைக்கணும். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கத்துக்கலாம். இதுக்குக் குரு காலில் விழ வேண்டியதில்லை.

விழுந்து கத்துக்காத இன்னொரு விஷயம் எர்த். கிட்டாரின் தந்திகள் ஆம்பின் உலோகச் சட்டத்தோடு மின்வழியில் இணைந்தவை. எர்த் இல்லாத வீட்டில் ஆம்பில் கசிவு வந்தால் அது தந்தி வழியாக நம்ம கைக்கு வரும். நம்ம பகுதி வீடுகள் பலவற்றில் சுவரில் மூணு ஓட்டை பிளக் இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது. மேடையில் மைக்கில் வாய் வைத்தவன் உதட்டில் ஷாக் அடிக்கிறதுக்கும் இது ஒரு காரணம். அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டின் தரத்தை ஒரு கிட்டார் ஒரே நிமிஷத்தில் சொல்லிடும்.

இப்போ பறைக்கு வருவோம். 1990களில் நமக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. இழிவின் அடையாளம், தூக்கி எறியணும் என்றார்கள் சிலர். விடுதலையின் இசை, மீட்டெடுக்கணும் என்றார்கள் சிலர். இரண்டு தரப்பும் எதிர்த்தது ஒன்றைத்தான்: கட்டாயத்தை. ஊரில் சாவு விழுந்தால் அடித்தே ஆகணும் என்ற கட்டாயத்தை. அடிக்க மாட்டோம்னு சொன்னதுக்காக அடிபட்ட சேரிகள் உண்டு. அந்த மறுப்பும் போராட்டம்தான். பறையை மறுக்கவும், மேடையேற்றி முழக்கவும், வேறொரு கருவியைக் கையிலெடுக்கவும் எனக்கு உரிமை இருக்கணும். இந்த மூன்றில் ஒன்று இல்லைன்னாலும் அது பழைய கட்டாயம்தான், புதுச்சட்டை போட்டிருக்கு. 2018 ஜனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் நிகழ்ச்சி நடத்தியபோது பறையும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. பண்டிதர் அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து எடுத்த பெயர் அது. அங்கே யாரும் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கவில்லை.

அப்படின்னா கிட்டாரில் சுரண்டலே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. இங்கே மிருதங்கம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். மாட்டுத்தோலைப் பதப்படுத்துகிற கை ஒன்று, சபையில் தட்டிப் பேர் வாங்குகிற கை இன்னொன்று. டி.எம். கிருஷ்ணா இதை 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகமாக எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. கிட்டாரிலும் இந்தப் பிரிவினை உண்டு, வேறு உருவத்தில். தென்கொரியாவில் கோர்ட் கிட்டார் நிறுவனம் 2007இல் தொழிலாளர்களை வெளியே தள்ளியது. உற்பத்தியைக் கூலி குறைந்த நாடுகளில் நடத்தியது. போராட்டம் 2019 வரை நீண்டது. வருஷக்கணக்காகக் கிட்டார் செய்தவர்களில் சிலர் அந்தப் போராட்டத்தின்போது தாங்களே ஒரு குழுவாகச் சேர்ந்து வாசித்தார்கள். நான் கொடுத்த குறைந்த விலைக்குப் பின்னால் யாருக்கோ கொடுக்காத கூலியும் இருக்கலாம். அதையும் தெரிந்துகொண்டுதான் வாசிக்கணும்.

கடைசியாக ஒரு யோசனை. இந்தக் கிட்டாரில் யாருடைய பிறப்பும் எழுதியிருக்கலை. ஆனா அதை வாங்கக் காசு வேணும், வாசிக்க இடம் வேணும், சத்தம் போட உரிமை வேணும். வாடகை வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கிறவன் நான். தனி ஆளாக வாங்கி வைத்துக்கொண்டால் அது என் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். நம்ம படிப்பகங்களிலும் இரவுப் பள்ளிகளிலும் புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஒரு கிட்டாரும் பத்து வாட் ஆம்பும் இருக்கட்டும். பறையும் இருக்கட்டும். எதை எடுக்கணும்னு பிள்ளைகள் முடிவு பண்ணட்டும். முக்கியமாகப் பெண் பிள்ளைகள் கையில் கொடுங்கள். "பொண்ணுக்கு எதுக்கு இந்தச் சத்தம்"னு நம்ம வீட்டிலேயே முதல் குரல் வரும், அதுக்கும் பதில் சொல்லணும். இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை. அந்த இரண்டு நாளும் என் கிட்டாரோடு நான் வரத் தயார். எந்தப் படிப்பகம்னு நீங்க சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அங்கே எர்த் இருக்கான்னு மட்டும் பார்த்து வையுங்க.