லிட்டருக்கு எத்தனை?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "வாழ்க்கையில் வெற்றி என்ற தலைப்பில் பேசுங்கண்ணே" என்றார். "தம்பி, அதுக்கு வேற ஆளைப் பாரு. எனக்கு ஒழுங்காத் தெரிஞ்சது ஒரே விஷயம்தான். என் கார் ஏன் பெட்ரோலைக் குடிச்சதுன்னு வேணும்னா சொல்றேன்" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆகவே குற்றம் பாதி அவருடையது.

நான் பி.காம். மாணவன். இந்தக் கல்லூரியில் நான் கற்றது பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும்தான். பிறகு பள்ளிப்பட்டில் ஒரு நூல் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதினேன். எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திருத்தணி வட்டாரம், ஆந்திர எல்லை, தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். 1960-இல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். வீட்டுக்குள்ளே தெலுங்கு, கடையிலே தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

2012-இல், ஆறு வருஷம் ஓடிய ஒரு மாருதி 800 காரை வாங்கினேன். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன அதே சின்ன கார்தான். 796 சி.சி., மூன்று சிலிண்டர். என்னுடையது கார்புரேட்டர் இல்லாத, எம்.பி.எஃப்.ஐ. வண்டி. ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. என் மனைவிக்கு மாதம் இரண்டு முறை வேலூரில் வைத்தியம் இருந்தது. சோளிங்கர் வழியாகப் பஸ் மாறி மாறிப் போய்வர அவளால் முடியவில்லை. எனக்குப் பார்வை கொஞ்சம் மட்டம் என்பதால், எங்கள் தெரு நெசவாளி ஒருவரின் மகனை ஆக்டிங் டிரைவராக வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வயசுப் பையன். பேச்சு குறைவு.

கணக்குப்பிள்ளை புத்தி எங்கே போகும்? காரில் ஒரு நோட்டு வைத்து, மாதா மாதம் பெட்ரோல் பில்லைக் கூட்டி, ஓடிய கிலோமீட்டரை அதால் வகுத்து எழுதுவேன். 2015 பிப்ரவரியில் லிட்டருக்கு 16.4. எங்கள் ரோட்டுக்கு அது நல்ல மைலேஜ். 2016 ஜனவரியில் 13.5. மே மாதம் 11.2.

மாதம் அறுநூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 16.4 என்றால் ஏறக்குறைய 37 லிட்டர் போதும். 11.2 என்றால் 54 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 17 லிட்டர், அன்றைய விலையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். கூட்டல் சரி, வகுத்தல் சரி. அப்படியானால் அந்த 17 லிட்டர் எங்கே போகிறது? வண்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

2016 ஜூன் மாதம் அந்தப் பையனை நிறுத்தினேன். "திருடினாய்" என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "நாளையிலேர்ந்து வேணாம்ப்பா" என்று மட்டும் சொல்லி, கடைசி மாதச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். அவன் ஒரு தடவை எண்ணிப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். "அவன் அப்படிப்பட்ட பையன் இல்லீங்க" என்றாள் என் மனைவி. "கணக்கு பொய் சொல்லுமா?" என்றேன். தெருவில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் அதற்கு அரை நாள் போதும்.

ஜூலையில் வேறொரு டிரைவர், வயதானவர். டேங்க்குக்குப் பூட்டு. நானே பங்க்குக்குக் கூடப் போனேன். மாத முடிவில் வகுத்தேன், 11.1.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் உடனே புத்தி வந்ததா என்றால், இல்லை. ஒரு கடையில் பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை எண்ணூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன்! அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 1970-களிலிருந்து இந்த மாதிரி நூற்றுக்கும் குறையாத சாதனங்களைச் சோதித்து, மிகச் சிலவற்றில்தான் ஏதோ கொஞ்சம் பலன் கண்டது என்று பிற்பாடு படித்தேன். காந்தம் இப்போது எங்கள் பிரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்டில் என் விடுதி அறைத்தோழன் திருத்தணி முருகனைச் சேவிக்க வந்தவன், எங்கள் வீட்டுக்கும் வந்தான். பௌதிகம் படித்தவன், இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். மலையிலிருந்து பள்ளிப்பட்டுக்கு என் காரிலேயே வந்தோம். இறங்கிச் செருப்பை மாட்டும்போது பின்சக்கரத்தில் கையை ஊன்றினான். உடனே கையை உதறினான்.

"டேய், இது ஏன்டா இப்படிச் சுடுது?"

நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தோம். முன்சக்கரங்கள் வெதுவெதுப்பு. பிரேக் போட்டு நிறுத்தினால் அந்தச் சூடு சகஜம். பின்பக்கம் இரண்டும் தோசைக்கல். சமதரையில் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு இருவரும் தள்ளினோம். அந்தச் சின்ன வண்டியை ஒரே ஆள் தள்ளலாம். அன்று இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தள்ளியும் முனகிக்கொண்டு நகர்ந்தது.

பட்டறையில் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே செம்மண் நிறத்தில் துரு. ஹேண்ட்பிரேக் கேபிளும் உறைக்குள் துருப்பிடித்து, லீவரை இறக்கினாலும் முழுசாகத் திரும்பவில்லை. ஷூ எப்போதும் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. 2015 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் எங்கள் பக்கத்துத் தரைப்பாலங்கள் முழுகிவிடும். கொஞ்சம் வடிந்ததும், அவசரமாக வேலூர் போகவேண்டி, சக்கரம் முழுகும் தண்ணீரில் வண்டியை இறக்கச் சொன்னவன் நான். "வேணாம் சார், சுத்திப் போலாம்" என்றான் பையன். திரும்பி வந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து மூன்று வாரம் வண்டியை அப்படியே நிறுத்தி வைத்தவனும் நான்தான். ஜனவரியில் 13.5 ஆனதற்குக் காரணம் நோட்டில் இல்லை, டிரம்முக்குள் இருந்தது.

சுத்தம் செய்து கேபிள் மாற்றியதும் 13.4 வந்தது. ஆனால் பழைய 16.4 எங்கே? என் நண்பன் விடவில்லை. முதலில் என் கணக்கு முறையையே திருத்தினான். முள்ளைப் பார்த்து அளக்காதே. பங்க் குழாய் தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பு, மீட்டரைக் குறி. குறைந்தது முந்நூறு கிலோமீட்டர் ஓட்டு. அதே பங்க், முடிந்தால் அதே குழாய், மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்பு. அந்த இரண்டாம் தடவை பிடித்த லிட்டரால் கிலோமீட்டரை வகு. ஒரு தடவை போதாது, மூன்று தடவை. ஐந்நூறு ரூபாய்க்குப் போடு என்று பங்க்கில் சொல்லும் நம் எல்லோருக்கும் மைலேஜ் தெரியாது, நினைப்புதான் தெரியும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வெளியே நிற்கும் பழைய கார்கள் சிலவற்றிலும் இது இருக்காது என்று நினைக்கிறேன். இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் சூடாகும் வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் சின்ன வால்வு அது. 2016 ஏப்ரலில் வண்டி ஒரு தடவை ஹீட் ஆனது. ஒரு பட்டறையில், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதன் பலன் என்ன? இன்ஜின் சூடேறவே நெடுநேரம் ஆகும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஒரு சென்சார் அந்தச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "இன்னும் குளிர்தான்" என்று அது சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். பஜாருக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இதைவிடக் கேடு வேறில்லை. புது வால்வு போட்டதும் 14.4. ஹீட் ஆனதற்கு உண்மைக் காரணம், ரேடியேட்டர் விசிறி சரியாகச் சுற்றாததுதான்.

டயர் காற்றும் குறைவாக இருந்தது. கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, வண்டி ஓடிச் சூடாகும் முன்பே பிடிக்க வேண்டும். பஞ்சர் கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்வது அளவு ஆகாது. ஏர் ஃபில்டரைத்தான் எல்லோரும் முதலில் மாற்றுவார்கள், நானும் மாற்றினேன். கார்புரேட்டர் வண்டிக்கு அது உதவும். புது வகை வண்டியில் அடைத்த ஃபில்டரால் இழுவை குறையுமே தவிர மைலேஜ் அவ்வளவாக மாறாது என்று அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் சோதித்துச் சொல்லியிருக்கிறது.

அப்புறம் ஏசி. ஆஸ்பத்திரியில் மனைவி வெளியே வரும்போது வண்டி குளுகுளு என்று இருக்க வேண்டும் என்று, ஒரு மணி நேரம் முன்பே இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். சின்ன இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினாலே மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் போகும், ஏசி போட்டால் இன்னும் கூடும். அந்த உத்தரவும் என்னுடையதுதான். இப்போது அவள் வெளியே வந்து போன் செய்தபின் போடுகிறோம். ஐந்து நிமிஷம் வியர்க்கும். "பரவாயில்லை, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

வாலாஜாவைத் தாண்டினால் வேலூர் வரை நெடுஞ்சாலை. அதில் தொண்ணூறில் போவதை விட்டு அறுபதை ஒட்டிப் போனோம். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு என்பது இங்கே பௌதிகம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். கடைசியில் 15.5-இல் வந்து நின்றது. மிச்சம் 0.9 வரவேயில்லை. வண்டிக்கும் வயதாகிறது, எனக்கும் வயதாகிறது, விட்டுவிட்டேன்.

திருமலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டி கியரில் இருந்து, ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாமல் இறங்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட பெட்ரோல் செலவாகும், பிரேக்கும் காயும்.

மாணவர்கள் இடைவேளையில் என்னிடம் கேட்டார்கள்: "சார், இப்ப மைலேஜ் குறையறதுக்கு எத்தனால்தானே காரணம்?" ஓரளவு உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால், அதற்கென வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. ஆனால் 15 தருகிற வண்டியில் அது ஒரு கிலோமீட்டர். ஐந்து குறைந்தால் எத்தனாலைத் திட்டாதீர்கள், சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள்.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். பட்டறையிலிருந்து திரும்பிய அன்றே அவன் வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள். அப்பா தறியை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு நடுவே கத்தித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஒருவகையில் அதுதான் சரி, தெருவுக்கே கேட்டது.

பிடித்த ஆயிரத்தையும் மேலே இரண்டு மாதச் சம்பளத்தையும் நீட்டினேன். பையன் ஆயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"சார், வண்டி இழுக்குது, பின்னாடி ஏதோ பிடிக்குதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். நீங்க நோட்டுல எழுதிட்டு இருந்தீங்க. சரி சரின்னீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. என் மனைவிக்கு ஞாபகம் இருந்தது.

திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன், வரவில்லை. இப்போது பொதட்டூர்பேட்டையில் சொந்தமாகக் குட்டி யானை வைத்து நூல் மூட்டை ஏற்றுகிறான். போன மாதம் எங்கள் கடைக்கே லோடு கொண்டுவந்தான். இறங்கி, என் பழைய காரைச் சுற்றி வந்து, பின்சக்கரத்தில் கையை வைத்துப் பார்த்தான். "உன் வண்டி லிட்டருக்கு எத்தனைப்பா தருது?" என்று கேட்டேன். சிரித்தான். சொல்லவில்லை.

 நோட்டு வெளியே காரில் இருக்கிறது, பார்க்க விரும்பும் மாணவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வரலாம்.