கற்றல் ஏணியும் கல்விக் கணக்கும்

(பெங்களூரில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



தொடக்கக் கல்வியைப் பற்றிப் பேசும்போது எத்தனை பள்ளிகளைக் கட்டினோம், எத்தனை ஆசிரியர்களை நியமித்தோம், எவ்வளவு செலவிட்டோம் என்றே கணக்கிடுகிறோம். பொருளாதாரம் பயின்ற நானும் இத்தகைய கணக்குகளோடு பணிக்காலத்தைக் கழித்தவன்தான். ஆயினும், பள்ளிக்கு வந்த குழந்தை என்ன கற்றது என்பது கணக்கில் இடம்பெறாவிடில், செய்த செலவு முதலீடாக மாறுவதில்லை.

இந்நகரில் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களைப் பாருங்கள். அவற்றைக் கட்டும் தொழிலாளர்களில் பலர் ராய்ச்சூர், யாதகிரி போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து குடும்பத்துடன் வருபவர்கள். வேலை முடிந்ததும் வேறிடம் செல்கின்றனர். அவர்களுடைய குழந்தை சில வாரங்கள் கழித்துப் பள்ளிக்குத் திரும்பும்போது, வகுப்பு பல பாடங்களைக் கடந்திருக்கும். புரியாத பாடத்தின் முன் சில நாட்கள் அமர்ந்துவிட்டு அக்குழந்தை நின்றுவிடுகிறது. நாம் அதனை 'இடைநிற்றல்' என்று பதிவேட்டில் குறிக்கிறோம்.

ஆடிப்பாடிக் கற்றல்

இச்சிக்கலுக்கு ஒரு விடை இம்மாநிலத்திலேயே தோன்றியது. 1995இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில், யூனிசெஃப் ஆதரவுடன் 'நலி-கலி' தொடங்கப்பெற்றது. 'ஆடிப்பாடிக் கற்பாய்' என்பது இக்கன்னடச் சொற்களின் கருத்து. ஆந்திரத்தின் ரிஷிவேலியைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளிகளை அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நேரில் கண்டு திரும்பி, தாங்களே பாட அட்டைகளை உருவாக்கினர். 2009இல் இம்முறை மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது.

பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, 'கற்றல் ஏணி'யாகச் சுவரில் தொங்குகிறது. குழந்தை தன் படியைக் கண்டறிந்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஒரு குழு ஆசிரியரின் முழு உதவியுடன் கற்கும்போது, மற்றொன்று தோழர்களின் துணையுடனும், வேறொன்று தானாகவும் கற்கிறது. கீழ்வகுப்புக் குழந்தைகள் ஒன்றாக அமர்வதால் மூத்தவர் இளையவருக்கு உதவுகின்றனர். யாவற்றினும் முக்கியமாக, விடுப்பிலிருந்து திரும்பும் குழந்தை விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

நிர்வாகத்தின் பொறுப்பு

தமிழ்நாட்டிலும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இதையொத்த செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007இல் மாநிலமெங்கும் பரவியது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அங்கு வந்தது. திட்டங்களின் பெயர்கள் மாறலாம். குழந்தையின் வேகத்திற்கு ஏற்பக் கற்பிக்க வேண்டும் என்ற தேவை மாறுவதில்லை.

அட்டைகளை மட்டும் அச்சிட்டு அனுப்புவது எளிது. ஆனால் கிழிந்த அட்டைக்கு மாற்று வராவிடில் ஏணியில் ஒரு படி இல்லாமற்போகும். ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் கவனிக்கும் பள்ளியில் எம்முறையும் தளரும். முப்பது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் விதித்திருப்பது இதனால்தான்.

மற்றொன்று நம்மைப் பற்றியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியைப் பார்வையிடச் சென்ற நான், "எந்தப் பக்கம் வரை நடத்தியிருக்கிறீர்கள்?" என்று ஆசிரியையிடம் கேட்டேன். "எந்தக் குழந்தைக்கு, ஐயா?" என்று அவர் அமைதியாகத் திருப்பிக் கேட்டார். என்னிடம் இருந்த படிவத்தில் அக்கேள்விக்கு இடமில்லை.

மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பதே 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கத்தின் இலக்கு. அதனை எய்த, முதலில் நமது பார்வைப் படிவங்கள் மாற வேண்டும். அந்த ஆசிரியையின் கேள்வியே அவற்றின் முதல் வரியாக அமையட்டும்.