பிறநாட்டார் போற்றிய ஆசான்: ஜிம்மி ஹோகன்



இன்றைய காற்பந்தாட்டத்திற்கு விதிமுறை வகுத்த நாடு இங்கிலாந்து. அந்நாட்டில் பிறந்து, பிறநாட்டாருக்கு அவ்வாட்டத்தைக் கற்பித்த ஜிம்மி ஹோகன் என்பவரைப் பற்றி இன்று கூற விழைகிறேன்.

1882இல் லங்காஷயர் வட்டாரத்தில், பஞ்சாலைகள் நிறைந்த நெல்சன் நகரில் அவர் பிறந்தார். பர்ன்லி குழுவில் ஆடிய இளமைக் காலத்தில், ஒருநாள் அவர் உதைத்த பந்து கோல் கம்பத்திற்கு மேலே பறந்துவிட்டது. தவறு எங்கே என்று பயிற்றுநரிடம் கேட்டார். பத்தில் ஒன்று கோலானாலே போதும் என்று விடை வந்ததாம். அவ்விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. காரணத்தைத் தாமே ஆராயத் தொடங்கினார்.

அக்காலத்தில் இங்கிலாந்துக் குழுக்கள் பல, பயிற்சியின்போது ஆட்டக்காரர்களுக்குப் பந்தையே கொடுப்பதில்லை! வாரம் முழுவதும் ஓடவிட்டால், சனிக்கிழமையன்று பந்தின்மீது பசியோடு பாய்வார்கள் என்பது அவர்களின் எண்ணம். பட்டினி போட்டுச் சமையல் கற்பிப்பதைப் போன்றது இது. ஹோகனோ பந்தை அடக்குதல், தரையோடு தள்ளுதல், துணைவனுக்குக் கொடுத்து இடம் மாறுதல் ஆகியவற்றையே பாடமாக்கினார்.

1910இல் ஹாலந்திலும் 1912இல் வியன்னாவிலும் பயிற்சியளித்தார். 1914இல் போர் மூண்டதும் பகைநாட்டவர் என்று வியன்னாவில் கைது செய்யப்பட்டார். பின்னர் புடாபெஸ்ட் நகரின் எம்.டி.கே. குழு அவரை ஏற்றது. 1917 முதல் 1925 வரை ஹங்கேரியின் பட்டத்தைத் தொடர்ந்து வென்றது அக்குழுவே. அவர் நீங்கிய பின்பும் அவர் இட்ட அடித்தளம் நிலைத்தது.

போர் முடிந்து தாயகம் திரும்பியவர் உதவி நாடிக் காற்பந்துச் சங்கத்தை அணுகினார். காக்கிக் காலுறைகளே கிடைத்தன என்று சொல்லப்படுகிறது. போர்முனையில் இருந்த இளைஞர்களுக்கு அவையே போதுமாயிருந்தன என்ற குத்தலும் உடன் வந்ததாம். 1934இல் ஃபுல்ஹம் குழு அவரை நிருவாகியாக அமர்த்தியது. ஆனால் அவர் மருத்துவமனையில் இருந்தபோதே பதவியைப் பறித்தது. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி எதற்கு என்பது அங்கிருந்தோர் வாதம். ஆஸ்டன் வில்லா குழுவோ 1936இல் அவரை அழைத்தது. 1938இல் இரண்டாம் பிரிவின் பட்டத்தை வென்றது.

1953 நவம்பர் 25ஆம் நாள், வெம்பிளி திடலில் ஹங்கேரி 6-3 என இங்கிலாந்தை வென்றது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தன் மண்ணில் தோற்றது அதுவே முதன்முறை. தங்களுக்குக் காற்பந்தைக் கற்பித்தவர் ஹோகனே என்று ஹங்கேரியக் காற்பந்துச் சங்கத் தலைவர் அறிவித்தார். வில்லா குழுவின் இளம் ஆட்டக்காரர்களுடன் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து அவ்வாட்டத்தைக் கண்ட ஹோகனுக்கு அப்போது வயது 71.