பள்ளிச் சோறும் அதை ஆக்கிப் போடுபவர்களும்



யாருடைய நினைவில் இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த அம்மையார் வாழ்நாளெல்லாம் தொடக்கப் பள்ளியில் பாடம் சொன்னவர். பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அவருக்கு யாரும் புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஆகவே, பள்ளியில் சோறு ஆக்குகிறவர்களைப் பற்றிப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணி இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

பள்ளி உணவின் வரலாற்றைத் தலைவர்களின் வரிசையாகவே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த வரிசை பெருமைக்குரியது. சுருக்கமாகவேனும் சொல்லத்தான் வேண்டும். 1920ஆம் ஆண்டு செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. தொடக்கக் கல்விக்கான நிதியைச் சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால் 1925இல் அது நின்றது. கல்விக்கான பணம் வேறு, சோற்றுக்கான பணம் வேறு என்ற அந்தக் கணக்கை உடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1956இல் முதலமைச்சர் காமராசரும் கல்வித்துறையின் தலைமையில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலும் பகலுணவை மாநிலத் திட்டமாக்கினார்கள். 1982 ஜூலை முதல் நாள், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கலைஞர் ஆட்சியில் தொடங்கியது, 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டையானது. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் வந்தன. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் மு. க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போயிற்று.

நூறாண்டு வரலாறு இது. ஆட்சிகள் மாறியபோதும் எந்தக் கட்சியும் இதில் கைவைக்கத் துணியவில்லை. ஒருவர் போட்டதன்மேல் அடுத்தவர் கூட்டிப் போட்டார். இந்திய அரசியலில் இதற்கு ஈடாகச் சொல்ல அதிகம் இல்லை. 1995இல் மத்திய அரசு தன் திட்டத்தைத் தொடங்கியபோது பல மாநிலங்கள் பிள்ளைக்கு மாதம் மூன்று கிலோ தானியம் என்று மூட்டையிலிருந்து அளந்து கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டன. 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சமைத்த சோறே கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே கிராமந்தோறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அந்த அடுப்பை எரித்தவர்கள் யார்? இந்தக் கேள்வியில்தான் நான் நிற்க விரும்புகிறேன்.

1982இல் ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று அமர்த்தினார்கள். கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை தந்தார்கள். மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது. ஆதரவற்ற ஒரு பெண்ணுக்கு அவள் ஊரிலேயே ஓர் அரசு வேலை என்பது அன்று எத்தனை பெரிய காரியம்! வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்கார்ந்திருக்கச் சொன்ன ஊரில், அவள் சாவிக்கொத்தோடு பள்ளிக்கு நடந்தாள். பிள்ளைகள் அமைப்பாளரைச் 'சத்துணவு டீச்சர்' என்றார்கள், சமைத்தவரை 'ஆயாம்மா' என்றார்கள். ஏறத்தாழ 43 ஆயிரம் மையங்கள் வழியாகப் பெண்களுக்கு வேலை தந்த திட்டம் இது என்பதைப் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் அளந்த ஆய்வுகள் போதுமான அளவு பேசவில்லை.

ஆனால் அங்கேயே ஒரு வினையும் தொடங்கியது. வேலை கொடுத்ததே ஓர் உதவி என்ற எண்ணம் அரசு அலுவலகங்களில் ஊறிப்போனது. உதவியாகக் கொடுத்த வேலைக்கு ஊதியமும் உதவித்தொகை அளவில் இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. நாற்பது ஆண்டுகளாக இந்தப் பணியாளர்கள் தெருவில் இறங்கிக் கேட்டுக்கொண்டிருப்பது இந்த ஓர் எண்ணத்தை மாற்றச் சொல்லித்தான்.

அவர்கள் செய்வது முழு வேலையா, பகுதி வேலையா என்பதற்கு ஒரு நாளைப் பார்த்தால் போதும். நூற்றைம்பது பிள்ளைகள் சாப்பிடும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். காலையில் வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணிக்கை எடுக்க வேண்டும். தலைக்கு 100 கிராம் அரிசி என்றால் 15 கிலோ. அதை அளந்து, புடைத்து, கல் பார்த்து, களைந்து உலையில் போட வேண்டும். நாமக்கல் பக்கமிருந்து வந்து இறங்கிய முட்டைகளைத் தண்ணீரில் இட்டு, மிதப்பதை ஒதுக்க வேண்டும். 150 முட்டைகளை வேகவைத்துச் சூடு ஆறுவதற்குள் உரிக்க வேண்டும். வெங்காயமும் தக்காளியும் நறுக்கி, மிளகோ மசாலாவோ போட்டுப் பிரட்ட வேண்டும். கலவை சாதம் வந்தபின் பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். அது வந்தே ஆக வேண்டிய மாற்றம். அடுப்படியில் வேலை கூடியது, ஆள் கூடவில்லை. 15 கிலோ அரிசி வெந்தால் நாற்பது கிலோவைத் தொடும். அந்த அண்டாவை இரண்டு பெண்கள் துணியைச் சுற்றிப் பிடித்து இறக்குகிறார்கள். நான் சந்தித்த சமையலர்களில் முன்கையில் தழும்பு இல்லாதவர்கள் குறைவு. பரிமாறி முடிந்தபின் அண்டா துலக்கி, கூடம் கழுவி, அடுத்த நாளுக்குப் பருப்பு எடுத்துவைத்துவிட்டுத்தான் வீடு.

அமைப்பாளரின் வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வரும். மூட்டையின் எடை முதல் அன்றைய இருப்பு வரை கிராம் சுத்தமாகப் பதிவேட்டில் ஏற வேண்டும். காய்கறிக்கும் மளிகைக்கும் பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசு ஒரு தொகை தருகிறது. தக்காளி விலை ஏறினால் அந்தத் தொகை அன்றைக்கே ஏறுவதில்லை. பணம் வரத் தாமதமானால் ஊர்க் கடையில் கடன் சொல்லி வாங்குகிறவர் அமைப்பாளர்தான். காலிப் பணியிடங்களால் இரண்டு மூன்று மையங்களைக் கூடுதல் பொறுப்பில் பார்க்கிறவர்களும் உண்டு. ஒரு மையத்தில் அரிசி அளந்துவிட்டு அடுத்த ஊருக்குப் பேருந்து பிடிக்கிறவரால் இரண்டு அடுப்புகளின் மேலும் கண்வைக்க முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆபத்தாகச் சொல்கிறேன்.

ஏனென்றால் இந்த அடுப்படியில் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்பதை நாடு இருமுறை பார்த்துவிட்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ ஓலைக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. 2013ஆம் ஆண்டு அதே ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துக் கிராமமொன்றில் பூச்சிக்கொல்லி கலந்த பள்ளி உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். அதன்பின் விதிகள் வந்தன, கட்டடங்கள் மாறின, சமையல் எரிவாயு வந்தது, பரிமாறுமுன் பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்று ஆணைகள் வந்தன. எல்லாம் தேவையானவை. ஆனால் எந்த விதியும் கடைசியில் ஒரு மனுஷியின் கண்ணிலும் மூக்கிலும் வந்து நிற்கிறது. எண்ணெய் காறியிருக்கிறதா, பருப்பில் பூச்சியிருக்கிறதா என்று பார்க்கிறவள் அவள். ஓர் ஆள் செய்ய வேண்டிய இடத்தில் அரை ஆளை வைத்துவிட்டுப் பாதுகாப்பைப் பேசக் கூடாது.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் அது நேர்மையாகாது. பள்ளிப் பந்தி, தமிழ்நாட்டில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே உலைச் சோற்றை ஒன்றாக உட்கார்ந்து உண்ட பெரிய இடம். அதனாலேயே அங்கே எதிர்ப்பும் வந்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சமையலர் நியமனத்தில் தலித், பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. இருந்தும் 2018இல் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த சமையலர் ஆக்கிய சோற்றைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு எழுந்தபின் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2023இல் காலை உணவு வந்தபோது கரூரிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் அதே கதை. இந்த முறை ஆட்சியரும் மக்கள் பிரதிநிதியும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பெண்களின் கைச்சோற்றை உண்டார்கள். அது சரியான செயல். ஆனால் செய்தியாளர்கள் போனபின்பும் மறுநாள் காலையில் அதே பள்ளிக்குத் தனியாக வந்து அடுப்பு மூட்டியவர் அந்தச் சமையலர்தானே. தீண்டாமை ஒழிப்பைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம். அவர் அதைத் தினமும் கரண்டி பிடித்துச் செய்கிறார்.

இத்தனைக்கும் என்ன கொடுக்கிறோம்? மத்திய அரசின் கணக்கில் சமையலருக்கு மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு. 2009இல் வைத்த தொகை; மாநிலங்கள் விரும்பினால் மேலே போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாடு இதைவிட நன்றாகவே செய்கிறது. சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது. ஆனால் 'சிறப்பு' என்ற பெயரோடு அது மற்ற அரசு ஊழியரின் ஊதியத்துக்குக் கீழே நிற்கிறது. ஓய்வுபெற்றவர்களுக்குச் சிறப்பு ஓய்வூதியம் பல ஆண்டுகள் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. அண்மையில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப ஆணை வந்தபோது, தொடக்கத்தில் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று வைத்தார்கள். ஒரு நாளுக்கு நூறு ரூபாய். நம் ஊரில் களையெடுக்கப் போகும் பெண்ணின் கூலி என்ன என்பது இந்த அவையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

காலை உணவை மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அவர்களின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது ஒரு தகுதி. தன் பிள்ளையும் உண்ணும் உலை என்பதால் தாய் கவனமாகச் சமைப்பாள் என்பது நல்ல யோசனைதான். விடியுமுன் எழுந்து வந்து ரவையோ சேமியாவோ பொங்கலோ கிளறி, கைபேசிச் செயலியில் படம் ஏற்றி, வகுப்பு தொடங்குமுன் பரிமாறிவிடுகிறார்கள். பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும் தங்கள் வேலை என்ன ஆகும் என்று அவர்கள் கேட்கிறார்கள். 1982இல் அமர்ந்த பெண்கள் கேட்ட அதே கேள்வி இது. ஒரு தலைமுறைக்குப் பின் புதிய பெண்களின் வாயிலிருந்து வருகிறது. ஒரே பள்ளியில், ஒரே கூடத்தில், காலையில் ஒருவர், மதியம் ஒருவர், வெவ்வேறு ஊதியம், இருவருக்கும் உறுதியில்லாத நாளை.

2021இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பள்ளியில் உணவு கிடைத்த சிறுமிகள் வளர்ந்து தாயானபோது அவர்களின் குழந்தைகளும் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்ததைக் காட்டியது. ஒரு சமையலர் அன்றைக்கு இட்ட சோறு அவர் பார்த்தேயிராத பேரப்பிள்ளைகள் வரை போய்ச் சேர்கிறது. இப்படிப்பட்ட பலனைத் தரும் அரசுச் செலவு வேறு எது என்று நிதித்துறை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குச் சோறு உரிமை என்று 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதிவிட்டது. ஆக்கிப் போடுகிறவரின் உரிமை இன்னும் எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே இந்த அவைக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சத்துணவுக் கூடத்தில் எத்தனை இடம் காலி, காய்கறிப் பணம் வந்ததா, அமைப்பாளர் எத்தனை மையம் பார்க்கிறார் என்று கேளுங்கள். காலி இடங்களை நிரப்பவும், சமையலருக்கும் உதவியாளருக்கும் முறையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் தரவும் கோரி வரும் கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். சத்துணவுப் பணியாளர்கள் இதைத் தனியாகக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். அவர்கள் கையால் உண்ட பிள்ளைகளின் பெற்றோரும், உண்டு வளர்ந்த நாமும் இனி சேர்ந்து கேட்போம்.