எப்போது நடப்பார்?



கிறிஸ்டினா ஃபோகல் ஜெர்மனியின் சைக்கிள் பந்தய வீராங்கனை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மிரியம் வெல்டேயுடன் சேர்ந்து தங்கம் வாங்கினார். 2016 ரியோவில் தனியாக இன்னொரு தங்கம். அந்த இறுதிப் பந்தயத்தின் முடிவில் சைக்கிளின் சீட்டே கழன்று விழுந்தது. உலக சாம்பியன் பட்டம் 11 முறை.

2018 ஜூன் 26, கோட்புஸ் நகரில் பயிற்சியின்போது இன்னொரு வீரர்மீது மோதினார். தண்டுவடம் அறுந்துபோனது. யாரோ தன் ஷூக்களை எடுத்துப்போவதைப் பார்த்தாராம், கழற்றியது தெரியவில்லை. இனி நடக்கமுடியாது என்பது அப்போதே புரிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

நான் ஒரு நர்ஸ். இப்படிப்பட்டவர்களின் கட்டிலருகே உறவினர்கள், "சிஸ்டர், எப்போது நடப்பார்?" என்றுதான் கேட்பார்கள். படுத்திருப்பவரின் கேள்வி வேறு: சக்கர நாற்காலிக்கு நானே மாற எத்தனை நாளாகும்? சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பீர்கள்? பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் நோயோடு கிடந்தவனிடம் இயேசுகூட முதலில் அவன் விருப்பத்தைத்தான் கேட்டார்.

ஃபோகல் 2019இல் எர்ஃபுர்ட் நகரமன்றத்துக்குத் தேர்வானார். தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயங்களை அலசியும் இருக்கிறார். இதை 'மீண்டுவந்த கதை' என்று சொல்ல எனக்கு மனமில்லை. கால்கள் மீளவில்லை, வாழ்க்கை நிற்கவுமில்லை. சக்கர நாற்காலியில் ஒருவரைப் பார்த்தால் காலைப் பற்றி விசாரிக்காதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.