வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு பூர்வீகப் பாறை நிலத்தை விற்கும் முன்...

(மும்பை, பெங்களூருவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இணையவழியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கிருஷ்ணகிரி, கரூர், மதுரைப் பக்கம் பூர்வீகம் உள்ளவங்க கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. "தாத்தா பேர்ல மூணு ஏக்கர் இருக்குங்க. ஒண்ணும் விளையாது, வெறும் பாறை. ஒருத்தர் வாங்கிக்கிறேங்கிறார். நேர்ல வர வேண்டாம், பவர் எழுதி அனுப்புனா போதுமாம். கொடுத்துடலாமா?"

கொஞ்சம் பொறுங்க. விளையாத பாறையை ஒருத்தர் மும்பை வரைக்கும் தேடி வந்து கேட்கிறார்னா, அவர் கண்ணு கீழே இருக்கிற கல்லு மேலதான்.

அந்தக் கல் யாருக்குச் சொந்தம்? பூமிக்கு அடியில இருக்கிறதெல்லாம் சர்க்காருக்குன்னு பலரும் நம்புகிறோம். கேரளாவின் மலபார் பகுதி நிலங்கள் தொடர்பான வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. சட்டப்படி பறிக்கப்பட்டிருந்தால் ஒழிய, நிலத்தடிக் கனிமம் பொதுவாக நிலத்தின் உரிமையாளரையே சேரும். ஆனால் சொந்தம் வேறு, தோண்டுவது வேறு. பட்டா நிலமானாலும் 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். எடுக்கும் கல்லுக்கு அரசுக்கு சீனியரேஜ் கட்டணம் செலுத்த வேண்டும். அதனால பாறை இருக்குன்னாலே கோடி இருக்குன்னும் கணக்குப் போட வேண்டாம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாதிரி மாநிலங்களில் நிலத்தை வைத்துக்கொண்டு கனிம உரிமையை மட்டும் தனியாக விற்பார்கள். நம்ம ஊர்ல அந்த வழக்கம் இல்லை. கிரயப் பத்திரத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் நிலத்தோடு கல்லும் போய்விடும். விலையை அதையும் சேர்த்துத்தான் பேசணும்.

சரி, கையில இருக்கிற போனை எடுங்க. வருவாய்த்துறையின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் பாருங்க. 'எங்க பாறை'ன்னு குடும்பத்தில் சொல்வது பக்கத்து சர்வே எண்ணில் பாறைப் புறம்போக்காக இருக்கலாம். அடுத்து, பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பாருங்க. ஊரில் இருக்கும் பங்காளி யாருக்காவது குத்தகைக்கு விட்டு அதைப் பதிவு செய்திருந்தால் அங்கே தெரியும். பதியாமல் விட்டிருந்தால் தெரியாது. அதுக்கு யாரையாவது நேரில் போகச் சொல்லி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதுதான் வழி.

பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்ற வரிசையில்தான் போகணும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். "அத்தைக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு" என்பது பதிவு அலுவலகத்தில் எடுபடாது. அத்தை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தராதவரை அவர் பங்கு அவருடையதுதான்.

இப்போ பவர் விஷயம். பவர் பத்திரத்தால் மட்டும் நிலத்தின் உரிமை கைமாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் ஏன் பவர் மட்டும் போதும்கிறார்? பத்திரத்தின் நடுவில் "குவாரி அனுமதி கோரவும், சம்மதம் அளிக்கவும்" என்று ஒரு வரி இருக்கான்னு பாருங்க. பட்டாதாரரின் சம்மதம் இருந்தால் வேறொருவரும் குவாரிக்கு விண்ணப்பிக்க முடியும். கிரயமே பண்ணாமல் கல்லை எடுத்துக்கொண்டு போகலாம். குழி மட்டும் உங்க பட்டாவில் நிற்கும்.

வரவே முடியாதவங்க, வாங்குகிறவருக்கு இல்லாமல் நம்பிக்கையான சொந்தத்துக்கு பவர் கொடுங்க. நீங்கள் வசிக்கும் ஊரின் சார்பதிவாளர் முன்பே எழுதிக் கொடுக்கலாம். சர்வே எண், குறைந்தபட்ச விலை, பணம் வரவேண்டிய வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கட்டும். குவாரி பற்றிய வரி வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே எழுதி அனுப்பியவங்க அதை ரத்து செய்து பதிவு பண்ணுங்க. பவர் வாங்கியவருக்கு நோட்டீஸ் அனுப்புங்க. முன்பணம் வாங்கியிருந்தால் முதலில் வக்கீலிடம் காட்டுங்க. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத்துறைக்கு, இந்த சர்வே எண்ணில் குவாரிக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை என்று விரைவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்க. கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமா வைங்க.